பாலிமர் களிமண் பொத்தான்கள்: செய்வதும் மாற்றிக்கொள்வதும்

காரைக்குடியில் தையல்காரரிடம் பொத்தான் அளவு கேட்டால் அவர் மில்லிமீட்டரில் பதில் சொல்லமாட்டார். பதினெட்டு லைன், இருபத்துநாலு லைன், முப்பத்திரண்டு லைன் என்றுதான் சொல்வார். ஓர் அங்குலத்துக்கு 40 லைன். ஆகவே ஒரு லைன் என்பது 0.635 மி.மீ. சட்டையில் அன்றாடம் காணும் சிறு பொத்தான் 18 லைன், அதாவது ஏறத்தாழ 11.5 மி.மீ. அகலம், 24 லைன் 15 மி.மீ.; 32 லைன் 20 மி.மீ.; 40 லைன் முழு அங்குலம். பாலிமர் களிமண்ணில் பொத்தான் செய்யத் தொடங்குபவர் வண்ணத்தையும் வடிவத்தையும் யோசிப்பதற்கு முன் இந்த அளவுமுறையைக் கற்றுக்கொள்ள வேண்டும். பதக்கமோ காதணியோ இரண்டு மில்லிமீட்டர் கூடினாலும் குறைந்தாலும் யாருக்கும் நட்டமில்லை. பொத்தான் அப்படியன்று. அது காஜாவுக்குள் நுழைந்து வெளிவர வேண்டும். துவைக்கும்போது உதறலையும் பிழிதலையும் தாங்க வேண்டும். ஒரு சட்டைக்கான ஐந்து பொத்தான்களும் ஒன்றுபோல் இருக்க வேண்டும்.

செட்டிநாட்டில் கைவேலை செய்யும் நாங்கள் ஆறு பேர், காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் என்று வெவ்வேறு ஊர்களில் இருந்துகொண்டு, ஆண்டுக்கு இருமுறை பொத்தான்களை மாற்றிக்கொள்கிறோம். ஒவ்வொருவரும் ஒரே வடிவத்தில் ஆறு தொகுதிகள் செய்து, ஐந்தை மற்ற ஐவருக்கும் கொடுத்துவிட்டு, ஒன்றைத் தம்மிடம் வைத்துக்கொள்வார். முடிவில் ஒவ்வொருவர் கையிலும் ஆறு விதமான பொத்தான்கள் இருக்கும். முறை எளியது, அதற்குள் இருக்கும் பொறுப்பு எளியதன்று. நம் பொத்தானை இன்னொருவர் தம் குழந்தையின் சட்டையில் தைக்கப்போகிறார். அதன் வண்ணத்தையும் வழவழப்பையும் அவர் கண்ணால் பார்த்துக்கொள்வார். உள்ளே சரியாக வெந்திருக்கிறதா என்பதை மட்டும் வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் இந்தக் கட்டுரையில் வேக்காட்டைப் பற்றியே அதிகம் எழுதுகிறேன்.

எந்தக் களிமண்

பாலிமர் களிமண் என்பது உண்மையில் மண்ணே அன்று. பி.வி.சி. என்ற நெகிழியின் நுண்துகள்களோடு அதை இளக்கமாக வைத்திருக்கும் நெய்ப்பான திரவத்தையும் நிறமிகளையும் சேர்த்துப் பிசைந்த பொருள் அது. சூளையில் சுடும் டெரகோட்டாவைப் போல நீர் வற்றி இறுகுவதில்லை. 110 முதல் 130 டிகிரி செல்சியஸ் வரையிலான சூட்டில் அந்தத் துகள்கள் திரவத்தை உள்வாங்கிக்கொண்டு ஒன்றோடொன்று உருகி இணைகின்றன. அந்த இணைப்பு முழுமையானால் பொத்தான் வளையும், உடையாது. அரைகுறையானால் பார்வைக்குக் கெட்டியாக இருந்தாலும் பிஸ்கட்டைப் போல முறியும்.

கடைகளில் 'கிளே' என்ற பெயரில் விற்பதெல்லாம் இதுவாகிவிடாது. காற்றில் காயும் களிமண்ணும், சோளமாவையும் பசையையும் பிசைந்து வீட்டில் செய்யும் களிமண்ணும் பூக்கள் செய்ய அழகானவை. ஆனால் தண்ணீரில் ஊறினால் இளகிவிடும் என்பதால் பொத்தானுக்கு ஆகா. டெரகோட்டா நீரை உறிஞ்சும். தரையில் விழுந்தால் சில்லாகும். பொட்டலத்தின் மேல் அடுப்பில், அதாவது கேக் சுடும் ஓ.டி.ஜி. போன்ற மின்சார ஓவனில், சுட வேண்டிய வெப்பநிலை அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஃபிமோவுக்கு 110 டிகிரி, ஸ்கல்பி பிரீமோவுக்கு 130 டிகிரி, செர்னிட்டுக்கு 110 முதல் 130 டிகிரி என்று அந்தந்த நிறுவனங்களே குறிப்பிடுகின்றன. சிறுவர்களுக்கென்று விற்கும் மிக மென்மையான வகைகள் வெந்த பிறகும் எளிதில் ஒடியக்கூடியவை. அவற்றைப் பொத்தானுக்குப் பயன்படுத்த வேண்டாம். ஒரே பொத்தானில் இரண்டு நிறுவனங்களின் களிமண்ணைக் கலப்பதையும் நான் தவிர்க்கிறேன், ஏனென்றால் இரண்டுக்கும் வேகும் சூடு வேறுபட்டால் எதை நம்புவது என்ற குழப்பம் வரும்.

32 லைன் பொத்தான் ஒன்று 3 மி.மீ. கனத்தில் ஏறத்தாழ 2 கிராம் எடை வரும். 57 கிராம் கட்டி ஒன்றில், வெட்டிய ஓரங்களும் கழிவும் போக, இருபதுக்குச் சற்று மேல் எதிர்பார்க்கலாம். ஆறு தொகுதிகள், தொகுதிக்கு ஐந்து பொத்தான், உடைந்தால் மாற்ற ஒன்று என்று கணக்கிட்டால் 36 பொத்தான்கள் வேண்டும். ஆகவே எல்லா நிறங்களும் சேர்த்து இரண்டு கட்டிக்குக் குறையாத களிமண் இருந்தால்தான் தொடங்க வேண்டும். நடுவில் தீர்ந்துபோய் புதிதாக நிறம் கலந்தால் முதல் கலவையோடு அது பெரும்பாலும் ஒத்துப்போவதில்லை.

வெயில் நாட்டில் பிசைவது

நம் பகுதியின் சித்திரை, வைகாசி வெயிலில் பாலிமர் களிமண்ணைப் பாதுகாப்பதே ஒரு வேலை. வெயிலில் நிறுத்திய காரிலோ மாடி அறையின் சன்னல் ஓரத்திலோ வைத்தால் கட்டி தானாகவே பாதி வெந்து, பிசையும்போது பொடிப்பொடியாக உதிரும். கோடையில் இணையவழி வரவழைத்த கட்டிகள் சில நேரம் வழியிலேயே இப்படிக் கெட்டுவிடுகின்றன. பொட்டலம் வந்ததும் ஒவ்வொன்றையும் விரலால் அழுத்திப் பார்த்து, கல்லாக இறுகியிருப்பதைத் தனியே எடுத்து வையுங்கள். சற்றே இறுகியிருந்தால் குழந்தைகளுக்குத் தடவும் கனிம எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, சிறு துண்டுகளாக நறுக்கிப் பிசைந்தால் இளகும். ஒரு சொட்டுக்கு மேல் வேண்டுமென்றால் பிசைந்து பார்த்த பிறகு விடுங்கள்.

புதிய கட்டியானாலும் பிசையாமல் பயன்படுத்தக் கூடாது. நெய்ப்பும் துகளும் சமமாகப் பரவும்வரை, நீளமாக உருட்டி மடித்து மீண்டும் உருட்டி, வளைத்தால் விளிம்பில் வெடிப்பு விழாத பதம் வரும்வரை பிசைய வேண்டும். பாஸ்தா இயந்திரம் இருந்தால் பதினைந்து, இருபது முறை மடித்து மடித்து விட்டெடுக்கலாம். மடிப்பு உருளையை நோக்கி அல்லது பக்கவாட்டில் இருக்குமாறு விட வேண்டும், திறந்த ஓரம் முதலில் போனால் காற்றுக் குமிழ்கள் சிக்கிக்கொள்ளும். அந்தக் குமிழ்கள் வேகும்போது கொப்பளமாக எழும். வெளிர் நிறங்களை முதலில் பிசைந்து, அரக்கும் கறுப்பும் கடைசியில் எடுங்கள், ஏனென்றால் சிவப்பு நிறமி கையில் ஒட்டிக்கொண்டு அடுத்து வரும் வெள்ளையை ரோஜா நிறமாக்கிவிடும். கை சூடாகிக் களிமண் பிசுபிசுத்தால், கையைக் குளிர்ந்த நீரில் நனைத்து நன்றாகத் துடைத்துவிட்டுத் தொடருங்கள். களிமண்ணைக் குளிர்பதனப் பெட்டியில் பத்து நிமிடம் வைத்தாலும் சரியாகும்.

வேலை செய்ய வழவழப்பான கண்ணாடிப் பலகையே சிறந்தது. தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் வீட்டில் கிடக்கிறதே என்று அதன்மேல் பச்சைக் களிமண்ணை வைக்காதீர்கள். அது சூளையில் சுடாத சிமெண்டுக் கல், நெய்ப்பை உறிஞ்சிக் கறை பிடிக்கும். அதேபோலச் சாதாரணத் தாளில் சுற்றி வைத்தால் தாள் நெய்ப்பை இழுத்துக் களிமண்ணை வறளச் செய்யும். சில கடினமான பிளாஸ்டிக் டப்பாக்களை இந்த நெய்ப்பே அரித்துவிடுவதும் உண்டு. அடியில் முக்கோணத்துக்குள் 5 என்ற எண் இருக்கும் டப்பா பாதுகாப்பானது.

ஒரு விதியை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பச்சைக் களிமண் பட்ட கத்தி, கட்டை, அச்சு, தட்டு எதுவும் பிறகு சமையலறைக்குத் திரும்பக் கூடாது. சீப்புச் சீடைக்கு வரி போடும் சீப்பில் களிமண்ணை அழுத்தினால் மிக அழகான கோடுகள் விழும் என்பது உண்மை. ஆனால் அந்தச் சீப்பு அன்றோடு கைவேலைப் பெட்டிக்கு உரியது.

கண்டாங்கிக் கட்டம்

அச்சில் அழுத்தியும், மேலே வண்ணம் தீட்டியும் பொத்தான் செய்யலாம். ஆனால் முப்பத்தாறு பொத்தான்கள் ஒன்றுபோல் வேண்டும்போது மிகப் பொருத்தமான முறை, வடிவத்தை உள்ளேயே அடுக்கிய நீண்ட தண்டு ஒன்றைச் செய்து, வெள்ளரிக்காயை அரிவதுபோல் வில்லை வில்லையாக அரிவதுதான். எந்த இடத்தில் அரிந்தாலும் அதே வடிவம் வெளிப்படும். இதற்கு நம் ஊரிலேயே எடுத்துக்காட்டு தேடினால் கண்டாங்கிச் சேலையைவிட நல்லது கிடைக்காது. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தப் பருத்திச் சேலையின் அரக்கும் கடுகு மஞ்சளும் கறுப்பும், அதன் கட்டமும் கோடும், களிமண் தண்டுக்கென்றே அமைந்தவை போலிருக்கும்.

கண்டாங்கிக் கட்டத் தண்டை நான் செய்யும் விதம் இது. அரக்கு நிறத்தை 3 மி.மீ. கனத்துக்கும், மஞ்சளையும் கறுப்பையும் 1 மி.மீ. கனத்துக்கும் தகடாக உருட்டிக்கொள்ள வேண்டும். கனத்தை ஒரே சீராக வைக்க, வங்கி அட்டைகள் நான்கை ஒன்றன்மேல் ஒன்றாக இருபுறமும் அடுக்கி, நடுவில் களிமண்ணை வைத்து, கண்ணாடிக் குடுவையாலோ அக்ரிலிக் உருளையாலோ உருட்டினால் போதும்; ஓர் அட்டை 0.76 மி.மீ. என்பதால் நான்கு சேர்ந்து 3 மி.மீ. தரும். மெல்லிய தகடுக்கு ஒரே அட்டை போதும். அரக்கு, மஞ்சள், அரக்கு, கறுப்பு என்ற வரிசையில் தகடுகளை 5 செ.மீ. சதுரங்களாக வெட்டி, காற்று புகாதபடி ஓரத்திலிருந்து மெதுவாக அழுத்திக்கொண்டே அடுக்கி, 3 செ.மீ. உயரம் வரும்வரை செல்ல வேண்டும். இப்போது பக்கவாட்டில் பார்த்தால் கோடுகள் தெரியும். இந்தக் கட்டையை அரைமணி நேரம் குளிர்பதனப் பெட்டியில் வைத்தெடுத்து, கோடுகளுக்குக் குறுக்காக, மேலிருந்து கீழாக, 3 மி.மீ. கனத் துண்டுகளாக அரியுங்கள். ஒவ்வொரு துண்டும் கோடு போட்ட துணியின் சிறு பலகை போலிருக்கும். இனி அந்தப் பலகைகளைக் கோடுகள் நேராக வருமாறு ஒன்றன்பக்கம் ஒன்றாக நிறுத்தி, இரண்டுக்கும் இடையில் மாறி மாறி மெல்லிய மஞ்சள் தகட்டையும் கறுப்புத் தகட்டையும் வைத்து ஒட்டினால், பாவும் ஊடையும் போலக் குறுக்கும் நெடுக்கும் கோடுகள் வந்து கட்டம் பிறக்கும்.

கட்டம் பெரிதாகத் தெரிகிறதே என்று கவலைப்பட வேண்டாம். சதுரக் கட்டையின் நடுப்பகுதியை நான்கு பக்கமும் சமமாக அழுத்தி, நடுவிலிருந்து இரு முனைகளை நோக்கி இழுத்துக்கொண்டே வந்தால், உருவம் குலையாமல் கட்டை நீண்டு மெலியும். உள்ளே இருக்கும் வடிவமும் அதே விகிதத்தில் சுருங்கும். அவசரப்பட்டு ஒரே பக்கத்தில் உருட்டினால் வெளிப்புறம் மட்டும் நகர்ந்து, உள்ளே உள்ள கோடுகள் வளைந்துபோகும். இரு முனைகளிலும் ஒரு விரற்கடை நீளம் எப்படியும் குலைந்திருக்கும். அதை வெட்டி எடுத்து, பொத்தானின் அடித்தளத்துக்குப் பயன்படுத்தலாம். மெலிந்த கட்டையை மீண்டும் குளிரவைத்து, நீளமான மெல்லிய பிளேடால், ஒவ்வோர் அரிவுக்கும் கட்டையைக் கால் வட்டம் திருப்பிக்கொண்டு, 1 மி.மீ. வில்லைகளாக அரிந்து, 2 மி.மீ. கனமுள்ள ஒற்றை நிறத் தகட்டின்மேல் இடைவெளியின்றிப் பதித்து, மெழுகுத்தாள் போர்த்தி, உருளையால் லேசாக உருட்டி இணைக்க வேண்டும். வில்லைகளையே பொத்தான் கனத்துக்கு அரிந்து பயன்படுத்தவும் முடியும். ஆனால் அடித்தளம் ஒன்று இருந்தால் பொத்தான் வலுவாகவும் களிமண் சிக்கனமாகவும் இருக்கும்.

ஆத்தங்குடிக் கல்லின் பூவை இதே வழியில் செய்யலாம். இதழுக்குள் நிறம் ஆழத்திலிருந்து வெளிறிக்கொண்டே வர வேண்டுமானால் ஜூடித் ஸ்கின்னர் என்ற கைவினைஞரின் பெயரால் வழங்கும் நிறக்கலப்பு முறை உதவும். இரண்டு நிறங்களை இரண்டு செங்கோண முக்கோணங்களாக வெட்டி, ஒரு செவ்வகமாகச் சேர்த்து, எப்போதும் ஒரே திசையில் மடித்து, ஏறத்தாழ இருபது முறை உருளைக்குள் விட்டெடுத்தால் ஒரு நிறம் மற்றதற்குள் படிப்படியாகக் கரையும். முதல் தடவை செய்பவர்களுக்கு நான் கண்டாங்கியையே பரிந்துரைக்கிறேன். கோடு சற்றுப் பிசகினாலும் கைத்தறியின் தன்மையே அது என்பதால் கண்ணை உறுத்தாது. பூவின் இதழ் ஒன்று சிறுத்தால் உடனே தெரிந்துவிடும்.

வெட்டுவதும் துளையிடுவதும்

தகட்டின்மேல் மெல்லிய உணவுப் பொதி நெகிழித்தாளை விரித்து, அதன்மேல் வட்ட வெட்டியை வைத்து அழுத்துங்கள். தாள் இழுபட்டு விளிம்பை உள்நோக்கி மடிப்பதால், பொத்தானின் மேல்விளிம்பு கூராக நிற்காமல் உருண்டு வரும். இந்த உருட்சி அழகுக்காக மட்டுமன்று. கூர்விளிம்புள்ள பொத்தான் காஜாவின் நூலை நாளடைவில் அறுத்துவிடும்.

துளைக்கு, கெட்டியான ஒளிபுகும் தாளில் பொத்தான் அளவு வட்டம் ஒன்றை வரைந்து, நடுவில் 4 மி.மீ. இடைவெளியில் இரண்டு புள்ளிகளையோ சதுரமாக நான்கு புள்ளிகளையோ குத்தி, ஒரு மாதிரித் தாள் செய்துகொள்ளுங்கள். அதை ஒவ்வொரு பொத்தானின்மேலும் வைத்து ஊசியால் அடையாளமிட்டால் முப்பத்தாறும் ஒன்றுபோல் அமையும். பிறகு பல்குத்தும் குச்சியை முன்பக்கத்திலிருந்து நுழைத்து, நுனி பின்பக்கம் எட்டிப் பார்த்ததும் நிறுத்தி, பொத்தானைத் திருப்பிப் பின்பக்கத்திலிருந்து முடியுங்கள். ஒரே பக்கத்திலிருந்து குத்தினால் மறுபக்கம் பிசிறு எழும். துளையின் அகலம் 2 மி.மீ. இருந்தால் பெரும்பாலான தையல் நூலுக்கும் ஊசிக்கும் போதும். கம்பளி நூலில் பின்னிய ஆடைக்கு என்றால் இன்னும் சற்று அகலம் வேண்டும். துளைக்கும் விளிம்புக்கும் இடையில் 3 மி.மீ.க்குக் குறையாமல் களிமண் இருக்க வேண்டும் என்பதைக் கண்டிப்பாகப் பின்பற்றுங்கள். நான் பார்த்த உடைந்த பொத்தான்களில் பல, துளையிலிருந்து விளிம்புக்கு ஓடிய விரிசலால் உடைந்தவையே. 18 லைன் பொத்தானில் இந்த அளவு இடம் கிடைக்காது, ஆகவே மாற்றிக்கொள்ளும் முதல் சுற்றுக்கு 24 லைனுக்குக் கீழே போக வேண்டாம்.

வேக்காடு

எங்கள் முதல் சுற்றில் நான் கொடுத்த பொத்தான்கள்தான் உடைந்தன. தேவகோட்டைத் தோழி அவற்றை மகளின் குர்த்தாவில் தைத்திருந்தார். மூன்றாவது துவைப்பில் ஐந்தில் மூன்று பாதியாக முறிந்தன. அவர் அதைச் சொல்லத் தயங்கி, பல மாதங்களுக்குப் பிறகே சொன்னார். என் அடுப்பின் திருகு 130 டிகிரியைக் காட்டிக்கொண்டிருக்க, பின்னர் வாங்கி உள்ளே வைத்த தனி வெப்பமானி 105ஐத் தாண்டவில்லை. அந்தச் சுற்றில் நான் கொடுத்த பொத்தான்கள் எல்லாமே அரைவேக்காடு என்று அப்போதுதான் புரிந்தது. எல்லோருக்கும் எழுதித் தெரிவித்து, புதிதாகச் செய்து கொடுத்தேன்.

ஆகவே வீட்டு ஓ.டி.ஜி. அடுப்பின் திருகை நம்பாமல், அடுப்புக்குள் வைக்கும் வெப்பமானி ஒன்றை வாங்குங்கள். களிமண் பொட்டலத்தைவிட அது அவசியம். சிறு அடுப்புகளில் வெப்பக்கம்பி எரிந்து அணைந்து எரிவதால் சூடு இருபது டிகிரிவரை ஏறி இறங்கக்கூடும்; கம்பிக்கு அருகில் உள்ள இடம் நடுப்பகுதியைவிடக் கூடுதலாகச் சுடும். அடுப்பின் நடுத் தட்டில் கனமான தரை ஓடு ஒன்றை வைத்து, இருபது நிமிடம் முன்சூடேற்றினால், ஓடு சூட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு ஏற்ற இறக்கத்தைத் தணிக்கும். பளபளப்பான ஓட்டின்மேல் நேரடியாகப் பொத்தானை வைத்தால், தொடும் இடமெல்லாம் கண்ணாடி போல மினுங்கித் திட்டாகத் தெரியும். ஆத்தங்குடிக் கல்லுக்கு அந்த மினுக்கம் வருவதும் இப்படித்தான். கண்ணாடித் தகட்டின்மேல் வண்ணச் சிமெண்டை ஊற்றி வார்ப்பதால் கண்ணாடியின் வழவழப்பு அப்படியே கல்லின் முகத்தில் பதிகிறது. கல்லுக்கு அது அழகு, பொத்தானின் பின்பக்கத்துக்கு வேண்டாதது. ஓட்டின்மேல் ஒரு வெள்ளைத்தாளை விரித்துப் பொத்தான்களை அடுக்கி, மேலே அலுமினியத் தாளைக் கூடாரம்போல் மூடுங்கள். வெள்ளையும் வெளிர் நிறங்களும் பழுப்பேறாமல் அது காக்கும்.

பொதுவாக 6 மி.மீ. கனத்துக்கு 30 நிமிடம் என்பது நிறுவனங்கள் தரும் கணக்கு. நான் 3 மி.மீ. பொத்தானையும் 45 நிமிடத்துக்குக் குறையாமல் வேகவைக்கிறேன். வெப்பநிலை சரியாக இருந்தால் கூடுதல் நேரம் கெடுதல் செய்வதில்லை. வெப்பநிலை கூடினால்தான் கெடும். 175 டிகிரியைத் தாண்டிக் களிமண் கருகத் தொடங்கினால் ஹைட்ரஜன் குளோரைடு என்ற எரிச்சலூட்டும் வாயு வெளிவரும். காட்டமான நெடி வந்தால் உடனே அடுப்பை அணைத்து, சன்னல்களைத் திறந்துவிட்டு, குழந்தைகளோடு அறையைவிட்டு வெளியேறுங்கள். மைக்ரோவேவ் அலையிலும் எரிவாயு அடுப்பின்மேல் வாணலியிலும் இதைச் செய்யவே கூடாது. நடுவில் மின்தடை வந்துவிட்டால், மின்சாரம் திரும்பியதும் மீதி நேரத்தைக் கணக்கிடாமல் முழுநேரத்தையும் தொடக்கத்திலிருந்து வையுங்கள். வெந்ததை மீண்டும் வேகவைப்பதால் கெடுதல் இல்லை.

அடுப்பிலிருந்து எடுத்தவுடன் பொத்தான் மெத்தென்று இருக்கும். வேகவில்லை என்று எண்ணிவிட வேண்டாம். முழுவதும் ஆறிய பிறகுதான் அதன் வலு தெரியும்.

இப்போது சாட்சித் துண்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். பொத்தான் வெட்டிய அதே களிமண்ணின் மிச்சத்தில், 2 மி.மீ. கனமும் 5 மி.மீ. அகலமும் 5 செ.மீ. நீளமும் உள்ள நாடா போன்ற துண்டுகளைத் தொகுதிக்கு ஒன்றாக வெட்டி, பொத்தான்களோடு அதே தட்டில், ஓரத்திலும் நடுவிலும் கலந்து வைத்து வேகவையுங்கள். ஆறியதும் ஒன்றை எடுத்து இரு முனைகளும் நெருங்கும்வரை வளைத்துப் பாருங்கள். முறியாமல் வளைந்து, விட்டதும் நிமிர்ந்தால் அந்தத் தட்டு முழுவதும் வெந்துவிட்டது. பட்டென்று முறிந்தால் வெப்பமானியைப் பார்த்து, சூட்டைச் சரிசெய்து, எல்லாவற்றையும் மீண்டும் ஒரு மணி நேரம் வேகவைக்க வேண்டும். மிச்சமுள்ள துண்டுகளில் ஒவ்வொன்றை ஒவ்வொரு தொகுதியோடும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். பெற்றுக்கொள்பவர் பொத்தானைச் சோதித்துக் கெடுக்கத் தேவையில்லை. துண்டை வளைத்துப் பார்த்தால் போதும். கொடுத்தவரிடம் கேட்கத் தயங்க வேண்டிய நிலையும் வராது. அந்த முதல் சுற்றுக்குப் பிறகு எங்களில் எவரும் சாட்சித் துண்டில்லாமல் தொகுதி கொடுப்பதில்லை.

தேய்ப்பும் மெருகும்

இதற்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 400, 600, 1000 என்ற வரிசையில் நீர்த்தேய்ப்புத் தாளால் தண்ணீருக்குள் வைத்தே தேய்த்து, பழைய ஜீன்ஸ் துணியால் பளபளப்பு வரும்வரை துடைத்தால் பொத்தானுக்குப் போதிய மெருகு வந்துவிடும். உலர்ந்த நிலையில் தேய்த்தால் தூள் மூச்சில் போகும். தேய்ப்புத் தாளை மெல்லியதாகச் சுருட்டித் துளைகளுக்குள்ளும் இரண்டு சுற்றுச் சுற்றுங்கள், இல்லாவிட்டால் நூல் அறுபடும். நகப்பூச்சை மெருகாகத் தடவ வேண்டாம். அதிலுள்ள கரைப்பான் களிமண்ணை இளக்கி, சில வாரங்களில் பிசுபிசுப்பாக்கிவிடும். மெருகு கட்டாயம் வேண்டுமென்றால் தண்ணீரில் கரையும் பாலியூரித்தேன் வார்னிஷ் மட்டும் பூசுங்கள்.

மாற்றிக்கொள்ளும் முறை

ஆறு பேருக்கு மேல் வேண்டாம் என்பது என் கருத்து. பத்துப் பேரானால் ஒவ்வொருவரும் அறுபது பொத்தான் செய்ய வேண்டும். அறுபதையும் ஒரே அக்கறையோடு முடிக்கப் பொறுமை நிற்காது. தொடங்கும்போதே நான்கு விஷயங்களில் எல்லோரும் உடன்பட வேண்டும்: லைன் அளவு, தொகுதிக்கு எத்தனை, துளை எத்தனை, முடிக்கும் நாள். நிறத்தையும் வடிவத்தையும் அவரவர் விருப்பத்துக்கு விட்டுவிடுவதே நல்லது, அங்கேதான் எதிர்பாராத மகிழ்ச்சி கிடைக்கிறது. முடிக்கும் நாளைக் கத்திரி வெயில் முடிந்த பிறகோ தைப்பொங்கலுக்கு முன்போ வைத்துக்கொண்டால் களிமண் கையில் இணக்கமாக இருக்கும்.

பொத்தான்களைப் பொட்டலத்தில் அள்ளிப் போடாமல், கெட்டி அட்டையில் தைத்துக் கொடுங்கள். அட்டையின் பின்புறம் களிமண்ணின் பெயர், வேகவைத்த வெப்பநிலை, நேரம், நாள், லைன் அளவு, காஜா நீளம் ஆகியவற்றை எழுத வேண்டும். காஜா நீளம் என்பது பொத்தானின் அகலத்தோடு கனத்தையும் கூட்டியது, 20 மி.மீ. அகலமும் 3 மி.மீ. கனமும் இருந்தால் 23 மி.மீ. என்று எழுதினால், தைப்பவர் அளந்து பார்க்க வேண்டியதில்லை. அதற்குக் கீழே துவைக்கும் முறை: கையால், குளிர்ந்த நீரில், இஸ்திரிப் பெட்டி பொத்தான்மேல் படக் கூடாது, டிரை கிளீனிங்குக்குக் கொடுப்பதானால் பொத்தானைக் கழற்றிவிட வேண்டும், அங்கே பயன்படுத்தும் கரைப்பான்கள் களிமண்ணைக் கெடுக்கக்கூடும். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையின் உடைக்கு இந்தப் பொத்தான் வேண்டாம் என்பதையும் நான் எழுதிவிடுகிறேன். கழன்றுவிட்டால் வாயில் போட்டுக்கொள்வார்கள்.

நேரில் கூடி மாற்றிக்கொள்ளும்போது நாங்கள் அட்டைகளைச் சிறு பனையோலைக் கொட்டானில் வைத்துக் கொடுக்கிறோம். கொட்டான் அடுத்த சுற்றுக்குத் திரும்பி வந்துவிடும். அஞ்சலில் அனுப்புவதானால் காகித உறை போதாது, கெட்டி அட்டைப்பெட்டியில் துணி சுற்றி ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள்.

எங்களில் ஒருவர் மொய் நோட்டுப் போல ஒரு நோட்டு வைத்திருக்கிறார். யார், எந்தச் சுற்றில், என்ன வடிவத்தில், யாருக்கு எத்தனை கொடுத்தார், எது உடைந்தது, மாற்று எப்போது வந்தது என்று அதில் பதிவாகிறது. மொய் எழுதிப் பழகிய ஊரில் இதை யாரும் கணக்குப் பார்ப்பதாக எடுத்துக்கொள்வதில்லை. ஒருவருக்குக் குழந்தை பிறந்தோ வீட்டில் நோயென்றோ ஒரு சுற்று தவறினால், அவருடைய பக்கம் வெற்றாக விடப்படும். அவருக்கு வரவேண்டிய ஐந்து தொகுதிகள் குறையாமல் போய்ச் சேரும். முடிந்தபோது அவர் நிரப்புவார். உடைந்த பொத்தானைப் பற்றி உடனே சொல்வதும் எங்கள் விதிகளில் ஒன்று, ஏனென்றால் ஒருவரிடம் உடைந்தால் மற்ற நால்வரிடமும் அதே தட்டின் பொத்தான்கள் இருக்கின்றன.

பெற்ற பொத்தானைத் தைக்கும்போது துணியோடு ஒட்ட இறுக்கித் தைக்காதீர்கள். பொத்தானின்மேல், இரு துளைகளுக்கும் நடுவே ஒரு தீக்குச்சியை வைத்து, அதற்கு மேலாக நூலை ஓட்டி ஐந்தாறு முறை தைத்த பின், குச்சியை உருவிவிட்டு, பொத்தானை மேலே தூக்கி, அடியில் தளர்ந்து நிற்கும் நூலைச் சுற்றி நான்கு சுற்றுச் சுற்றி முடிச்சிடுங்கள். காஜாத் துணி அமர்வதற்கு அந்தச் சிறு கழுத்து இடம் கொடுக்கும். பூட்டும்போதும் கழற்றும்போதும் வரும் இழுவை பொத்தானின் துளையில் இறங்காமல் நூலிலேயே நின்றுவிடும்.